உட்காரவும் ஒரு சட்டம்

ஆள் எடுப்பது, பழக்குவது, சம்பளம் நிர்ணயிப்பது, ஆளைத் தக்கவைப்பது. மனிதவள மேலாண்மையின் அடிப்படை இவ்வளவுதான். இதில் கடைசியில்தான் பல முதலாளிகள் கோட்டை விடுகிறார்கள்.

உதாரணத்துக்கு, முகூர்த்த சீசனில் துணிக்கடைப் பெண்களைக் கவனித்திருக்கிறீர்களா? நாம் பிரிக்கச் சொன்ன புடவையை எல்லாம் மடிப்பு மாறாமல் மடித்து அடுக்குவார்கள். பேசிக்கொண்டே ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு உடம்பின் பாரத்தை மாற்றிக்கொள்வார்கள். வாடிக்கையாளர் இல்லாதபோதும் நின்றே ஆக வேண்டும்.

கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள் இதை எதிர்த்துப் போராடினார்கள். 2018இல் கேரளம் கடை ஊழியர்கள் உட்கார வழி செய்து சட்டத்தைத் திருத்தியது. 2021இல் தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் புதுப் பிரிவு சேர்த்து, எல்லா ஊழியருக்கும் இருக்கை வசதி வேண்டும் என்றது.

ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலுக்காகச் சட்டமன்றம் வரை போக வேண்டியிருந்தது! முழங்கால் வலி தாங்காமல் ஒருவர் வேலையை விட்டுவிட்டால், புது ஆளைத் தேடிப் பிடித்துப் பழக்க ஆகும் செலவு அந்த ஸ்டூலின் விலையைவிட எத்தனை மடங்கு? கல்லாவில் இருப்பவருக்கு இந்தக் கணக்குத் தெரியாதா என்ன?

இருக்கை போடச் சொல்லலாம் சட்டம். உட்கார்ந்தவரை சூப்பர்வைசர் முறைக்காமல் பார்த்துக்கொள்வது நிர்வாகத்தின் வேலை. மனிதவளத் துறை அங்கேதான் தொடங்க வேண்டும்.

உங்கள் ஊர்க் கடைகளில் நிலைமை எப்படி?