ஒரு கஜ தூரம்

பட்டிமன்றம் என்றால் நம்மவர்க்கு வெல்லக்கட்டி. கற்பில் சிறந்தவள் கண்ணகியா மாதவியா என்று ஊர்தோறும் மேடை கட்டி வாதிட்டும் நமக்கு இன்னும் சலிக்கவில்லை. அமெரிக்கர்களுக்கும் அப்படியொரு தீராத வழக்கு உண்டு. 1967ஆம் ஆண்டு தொடங்கி ஆண்டுதோறும் நடைபெற்று வரும் அவர்களுடைய கால்பந்துப் பேராட்டமாகிய சூப்பர் பௌலில், சில நொடிகளில் நிகழ்ந்து முடிந்த செயல்களுள் தலைசிறந்தது எது என்பதே அவ்வழக்கு.

தில்லியில் கோப்புகளோடு காலங்கழிக்கும் நமக்கு இதில் என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். நம் அக்காள் மகன் நியூ ஜெர்ஸியிலே வளர்ந்தவன். தமிழில் நலம் விசாரித்தால் இரண்டு சொல்லில் முடித்துவிடுவான். இந்த ஒரு பொருளைப் பற்றி மட்டும் தட்டுத் தடுமாறியேனும் தமிழிலேயே மணிக்கணக்கில் வாதிடுவான். அந்தத் தமிழுக்காகவே நாம் இவ்விளையாட்டைக் கற்றுக்கொண்டோம். அங்கே ஞாயிறு மாலை தொடங்கும் பேராட்டம் நமக்குத் திங்கட்கிழமை விடியற்காலை ஐந்து மணி.

பெயர்தான் கால்பந்து, காலுக்கு அதில் வேலை குறைவு. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியோ, ஒருவர் எறிய மற்றவர் பிடித்தோ எதிரியின் எல்லைக்குள் கொண்டு சேர்க்க வேண்டும். நான்கு முயற்சிகளுக்குள் பத்து கஜம் முன்னேறாவிட்டால் பந்து கைமாறிவிடும். எல்லைக்குள் சேர்த்தால் ஆறு புள்ளி. இவ்வளவு தெரிந்தால் மேலே செல்லலாம்.

மருமகனின் கட்சி டேவிட் டைரீ. 2008ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள், அரிஸோனா மாநிலத்துக் கிளெண்டேல் நகரம். நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியினர் அப்பருவத்தில் ஆடிய 18 ஆட்டங்களிலும் வென்று வந்து நிற்கிறார்கள். நியூயார்க் ஜயண்ட்ஸ் 10க்கு 14 என்று பின்தங்கியிருக்கிறது. மிஞ்சியிருப்பது ஒன்றேகால் நிமிடம், மூன்றாம் முயற்சி. பந்தெறியும் ஈலை மேனிங்கின் சட்டையைப் பகைவர்கள் பற்றிவிட்டனர். எப்படியோ திமிறி வெளிவந்து, நடுக்களத்தில் உயரே எறிந்தார். டைரீ எம்பிப் பிடித்தார், பந்து நழுவியது, ஒரு கையால் அதைத் தலைக்கவசத்தோடு அழுத்திக்கொண்டார். ராட்னி ஹாரிசன் என்னும் பேட்ரியட்ஸ் வீரர் அவரை இழுத்துத் தரையில் சாய்த்தும் பந்து மண்ணைத் தொடவில்லை. 32 கஜம்! சற்று நேரத்தில் ஜயண்ட்ஸ் 17க்கு 14 என்று வென்றது. அப்பருவத்தின் வழக்கமான ஆட்டங்களில் நான்கே நான்கு பந்துகளைப் பிடித்திருந்த டைரீ, அதற்குப் பின் அந்தத் தொழில்முறைப் பந்தயங்களில் ஒரு பந்தைக்கூடப் பிடித்தாரில்லை.

“இன்னொரு தடவை செய்யச் சொன்னால் அவர்களாலேயே முடியாது, மாமா. அதனால்தான் அது பெரிது” என்பான்.

அதனாலேயே அது இரண்டாம் இடம் என்பது நம் கட்சி. வரமாய் வந்ததை வியக்கலாம். செய்தவனுக்குப் பரிசாகக் கொடுப்பது எங்ஙனம்?

சிலர் 2000ஆம் ஆண்டு அட்லாண்டாவில் நிகழ்ந்ததைச் சொல்வார்கள். கடைசி ஆறு நொடியில் டென்னஸி அணியின் கெவின் டைசன் பந்தைப் பிடித்து எல்லையை நோக்கி வளைந்தார். வேறொருவரைக் காத்துக்கொண்டு ஓடிய மைக் ஜோன்ஸ் திரும்பிப் பார்த்து, பாய்ந்து, அவர் கால்களைக் கட்டினார். விழுந்தபடியே டைசன் பந்தை நீட்டினார். ஒரு கஜம் எட்டவில்லை. சடுகுடுவில் காலைப் பிடித்தவனை இழுத்துக்கொண்டே நடுக்கோட்டுக்குக் கை நீட்டுபவனைக் கண்ட நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் டைசன் எட்டியிருந்தாலும் ஆட்டம் சமன்தான் ஆகியிருக்கும்.

நாம் உயர்த்திப் பிடிப்பது 2015ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள் மால்கம் பட்லர் செய்ததை. அதே கிளெண்டேல், அதே அரங்கம். பட்லர் சிறிய கல்லூரி ஒன்றிலிருந்து வந்தவர். இடையில் பொரித்த கோழிக் கடையில் வேலை பார்த்தவர். ஆண்டுதோறும் அணிகள் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது அவரை எவரும் தேர்ந்தெடுக்கவில்லை. ஒத்திகை பார்த்துத்தான் பேட்ரியட்ஸ் சேர்த்துக்கொண்டது. ஆட்டத்திற்கு முந்திய பயிற்சியில் சியாட்டில் அணியின் ஒரு வியூகத்தை அவர்முன் நடத்திக் காட்டினார்கள். ஒருவர் பின் ஒருவராக இருவர் நிற்பர். முன்னவர் வழியை மறைக்க, பின்னவர் உள்ளே புகுந்து பந்தைப் பிடிப்பார். அன்று பட்லர் ஏமாந்தார். பந்து அவரைக் கடந்து போயிற்று.

பேராட்டத்தன்று பேட்ரியட்ஸ் 28க்கு 24 என்று முன்னிலை. முதலில் பட்லருக்கு ஒரு சோதனை. அவர் தட்டிவிட்ட பந்தே சியாட்டிலின் ஜெர்மெய்ன் கியர்ஸ் என்பவர் மல்லாந்து கிடக்க அவர் கால்மேல் விழுந்து, குதித்து, கைக்கு வந்தது. 33 கஜம்! அடுத்த முயற்சியில் பந்து எல்லைக்கு ஒரு கஜ தூரத்தில் நின்றது. 26 நொடிகள். அந்த வியூகமே வந்தது. முன்னவரைப் பிராண்டன் பிரௌனர் நின்ற இடத்திலேயே தடுத்து நிறுத்த, பட்லர் ஆளை நோக்கி ஓடாமல், பந்து வந்து சேரப்போகும் இடத்தை நோக்கி ஓடினார். ரஸ்ஸல் வில்சன் எறிந்த பந்து ரிக்கார்டோ லாக்கெட்டை அடையுமுன் பட்லர் கையில் இருந்தது. அத்தொழில்முறை ஆட்டத்தில் அவர் பறித்த முதற்பந்து அதுவே.

அமெரிக்கர் பலருக்கு அது பட்லரின் சாதனையே அன்று. சியாட்டில் பயிற்சியாளர் பீட் கேரலின் மடமையாம். மார்ஷான் லிஞ்ச் போன்ற முரட்டு ஓட்டக்காரர் இருக்கையில் பந்தை எறியச் சொல்வாரா ஒருவர் என்பது கேள்வி. நேரத்தை நிறுத்தும் வாய்ப்பு சியாட்டிலுக்கு ஒன்றே மிஞ்சியிருந்தது. எஞ்சிய மூன்று முயற்சிகளிலும் ஓடிப் பார்க்க நேரம் போதாது. இடையில் ஒன்றை எறிவதில் கணக்கு இருந்தது. அக்கணக்கைப் பொய்யாக்கியவர் பட்லர். கோப்பில் பிழை புகுந்தால் எழுதியவன் யாரென்று தேடுவார்கள். பிழை புகாமல் தடுத்தவன் பெயரை யார் கேட்கிறார்கள்?

“படித்த கேள்வி வந்தது, எழுதிவிட்டார். அது பெரிய விஷயமா, மாமா?” என்பான் மருமகன். படித்த கேள்வி வந்தும் எழுத முடியாமற்போனவர்கள் எத்தனை பேர் என்று நாம் திருப்பிக் கேட்போம். அவன் ஈலை மேனிங்கின் சட்டைக்குத் திரும்பிவிடுவான். தொலைபேசி சூடேறும்.

2018ஆம் ஆண்டு மினியாபொலிஸ் நகரில் ஆட்டம். பிலடெல்பியா அணியும் ஒரு கஜ தூரத்தில் நின்று, நான்காம் முயற்சியில், பந்தெறிபவராகிய நிக் ஃபோல்ஸையே பந்து பிடிக்க வைத்தது. இதைத் தலைசிறந்தது என்போரும் உளர். நம் கண் அதில் நிலைக்கவில்லை. அப்பருவம் முழுவதும் பேட்ரியட்ஸின் தடுப்பு வரிசையில் நின்ற பட்லரை அன்று அவ்வரிசையில் ஒருமுறைகூட இறக்கவில்லை. தேசிய கீதம் ஒலிக்கையில் அவர் கண்ணீர் விட்டதைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம். அணிக்கு நல்லதெனக் கருதியதைச் செய்ததாகப் பயிற்சியாளர் பில் பெலிசிக் சொன்னார். பேட்ரியட்ஸ் 33க்கு 41 என்று தோற்றது.

தொலைபேசி ஒலித்தது. ஜயண்ட்ஸ் பக்தனாகிய மருமகன் அன்று துள்ளிக் குதித்திருக்க வேண்டும். டைரீயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. “பட்லரை ஏன் மாமா வெளியிலேயே நிற்க வைத்தார்கள்?” என்றான்.