பட்டை குறைத்த கதை

கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஊர்த்தெரு முடிகிற இடத்தில் தார் ரோடும் முடிந்துவிடும். அதற்குமேல் ஏரிக்கரை மண்பாதை, குண்டும் குழியும். அதன் கடைசியில் எங்கள் காலனி.

அந்தப் பாதையில் வந்த ஒரே வண்டி சூளைக்காரருடைய மகேந்திரா ஜீப் பிக்கப். அமெரிக்கப் பட்டாளத்து வில்லிஸ் ஜீப்பை 1947இல் பம்பாயில் பூட்ட ஆரம்பித்தார்களே, அந்த வம்சம். முன்னும் பின்னும் முழு இரும்பு அச்சு, பட்டை ஸ்பிரிங். செங்கல் அதிகம் ஏற்றப் பின்பக்கம் இரண்டு கனத்த பட்டை கூடுதலாகச் சொருகியிருந்தார். கல் ஏறினால் வண்டி அடங்கி நிற்கும். காலியாக ஓடினால் முரட்டுக் குதிரை. விடியற்காலையில் எங்கள் பெண்களைச் சூளைக்கு அள்ளிப்போனது அந்த வண்டியில்தான். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. பஸ் வராத காலனிக்கு அந்தச் சட்டமும் வரவில்லை.

அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்குவாள். நான் அப்போது ஜி.என்.டி. ரோட்டில் ஒரு ஸ்பிரிங் பட்டறையில் சம்மட்டி அடிக்கிற பையன். ரெண்டு பட்டையைக் கழட்டலாமா என்று சூளைக்காரரைக் கேட்டேன். "கல்லுக்குப் போட்டதுடா அது. ஒங்காளுங்களுக்கா போட்டேன்?" என்றார்.

1995இல் அண்ணிக்கு ஏழாம் மாசம். ராத்திரி வலி எடுத்து, அதே வண்டியில்தான் பொன்னேரிக்குத் தூக்கினு போனோம். குழந்தை தங்கவில்லை. வண்டிதான் காரணம் என்று எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை. அண்ணி சொல்வாள்.

1998இல் அவர் லாரி எடுத்தபோது பிக்கப்பைக் கடன் வாங்கி நான் வாங்கினேன். பட்டறை மேஸ்திரி, சோழவரம் ஓடுதளத்தில் கார் பந்தயம் நடந்த நாளில் ஸ்பேனர் பிடித்தவர். "பட்டை கனம் ரெண்டு மடங்கானா வெறப்பு எட்டு மடங்குடா. எட்டு!" என்பார். அந்த இரண்டையும் கழற்றி எறிந்தோம். மிச்சத்தைத் தனித்தனியாகப் பிரித்துத் துருவைச் சுரண்டி, தட்டி வளைவு ஏற்றி, நடுவில் கிரீஸ் தடவிப் பூட்டினோம். துருப்பிடித்த பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்காது. எல்லாம் ஒட்டி ஒரே கட்டையாகிவிடும். தேய்ந்த புஷ் எல்லாம் மாற்றினோம். எண்ணெய் கக்கிய ஷாக் அப்சார்பருக்குப் பதில் நாலும் புதுசு. பட்டை அதிர்ச்சியை வாங்கும், ஆட்டத்தை நிறுத்துவது ஷாக்தான். வண்டி ரோட்டில் அலைந்தது. முன் அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே ஆப்புத் தகடு வைத்துச் சாய்வைச் சரிசெய்ததும், திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வந்தது.

அண்ணன்தான் கத்தினான். "கல் லோடு வாடகை போச்சேடா, கடனை எவன் கட்டுவான்?" அவன் சொன்னதில் தப்பில்லை. காய்கறி மூட்டைக்குக் கிடைத்த வாடகை பாதிகூட இல்லை. கடன் அடைய ஆறு வருஷம் ஆனது.

முதல் நாள் அம்மாவை முன்சீட்டில் உட்காரச் சொன்னேன். மாட்டேன் என்று பழையபடி பின்னால் ஏறிக்கொண்டாள். ஏரிக்கரை பாதி தாண்டியதும் தகரத்தைத் தட்டினாள்.

"இன்னாடா, ரோடு போட்டுட்டானுங்களா?"

"இல்லம்மா."

ரோடு 2009இல் போட்டார்கள். அண்ணி வண்டியில் ஏறுவதில்லை, நடந்துதான் போகிறாள்.