பின் வரிசையில் அத்தை

அப்பா அம்மாவின் கல்யாண ஆல்பம் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. 1986இல் பாகான் டத்தோ பக்கம் ஒரு தேங்காய்த் தோட்டத்தில், லயத்து வீட்டுக் கூடத்திலேயே நடந்த கல்யாணம். அதில் ஒரு குடும்பப் படம். முன் வரிசையில் நாற்காலி போட்டுப் பெரிய கிராணி, கோயில் தலைவர், மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள். அவர்களுடைய வேட்டி சட்டையெல்லாம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருக்கும். அடுத்து நிற்கும் அப்பா அம்மா பரவாயில்லை. அவர்களுக்கும் பின்னால் நிற்பவர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இருட்டுக்குள் ஒரு மூக்குத்தி மட்டும் மின்னும். அந்த மூக்குத்திதான் என் பாட்டி.

பாட்டி இறந்தபோது மாலை போடுவதற்கு ஒரு படம் தேடினோம். கிடைக்கவில்லை. அப்பா இந்த ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு தெலுக் இந்தானில் இரண்டு கடை ஏறி இறங்கினார். "இருட்டுல என்ன இருக்குன்னு மெஷினுக்கு எப்படி அங்கிள் தெரியும்?" என்று கேட்டார்களாம். கடைசியில் ஐ.சி.யில் இருந்த படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டோம். கொப்பரைக் கொட்டகையில் காலமெல்லாம் உழைத்தவர். சிரித்தால் தோள் இரண்டும் குலுங்கும். சட்டத்துக்குள் இருப்பதோ, புகார் கொடுக்க வந்து வரிசையில் நிற்பவரின் முகம்.

அந்தக் கல்யாணப் படத்தை எடுத்தவர் இன்னும் இருக்கிறார். ஊத்தான் மெலிந்தாங் பக்கம் ஸ்டூடியோ வைத்திருந்தவர். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் கல்யாணம், காதுகுத்து, திருவிழா என்று எல்லாவற்றுக்கும் மோட்டார் சைக்கிளில் வந்துவிடுவார். டிஜிட்டல் வந்தபின் கடையை மூடிவிட்டார். எங்களுக்கு அவர் மாமா முறை. இரண்டு ஆண்டுகளுக்கு முன், கண் சரியில்லை என்று சொல்லித் தன்னுடைய நிக்கோன் எஃப்எம்2 கேமராவையும் விவிட்டார் 283 ஃபிளாஷையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு என்னிடம் கொடுத்தார். நான் பல்கலைக்கழகத்தில் ஊடகவியல் படித்தவள்தான். ஆனால் எங்கள் காலத்தில் எல்லாம் டிஜிட்டல். ஃபிலிம் மாட்டக்கூட அவர்தான் சொல்லித்தர வேண்டியிருந்தது.

கேட்கக்கூடாதுதான், கேட்டுவிட்டேன். "மாமா, அந்தப் படத்துல பாட்டி ஏன் இருட்டாயிட்டாங்க?"

அவர் கோபப்படவில்லை. படத்தை வாங்கிக் கண்ணருகே வைத்துக்கொண்டு, "கூடம் சின்னதும்மா. என் முதுகு சுவத்துல முட்டிக்கிச்சு. இன்னும் நாலடி பின்னால போயிருந்தா பாட்டி வந்திருப்பாங்க" என்றார்.

பின்னால் போனால் எப்படி வெளிச்சம் கூடும்? எனக்கு முதலில் புரியவில்லை. அவர் ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். ஃபிளாஷ் வெளிச்சம் தூரம் போகப் போகப் பரவி மெலிந்துவிடும். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் பாதியாவதில்லை, கால்வாசியாகிவிடும். முன் வரிசை இரண்டு மீட்டரிலும் பின் வரிசை நான்கு மீட்டரிலும் நின்றால், கிராணிக்கு விழுந்ததில் நாலில் ஒரு பங்குதான் பாட்டிக்கு. அதே ஆட்களை அப்படியே நிறுத்திவிட்டுப் படம் எடுப்பவர் இன்னும் இரண்டு மீட்டர் தள்ளிப் போனால், முன் வரிசை நான்கு மீட்டர், பின் வரிசை ஆறு மீட்டர். வித்தியாசம் பெரிதாகக் குறைந்துவிடும்.

இது எனக்குத் தெரிந்த கணக்குதான், வேறு வேடத்தில் வந்திருக்கிறது. வானொலியில் இரண்டு விருந்தாளிகளை ஒரே மைக்கின் முன் உட்கார வைத்துப் பாருங்கள். ஒரு சாண் தூரத்தில் இருப்பவர் காதுக்குள் பேசுவார். இரண்டு சாண் தள்ளி இருப்பவர் அடுத்த அறையிலிருந்து பேசுவதுபோல் கேட்கும். அதனால்தான் புதிதாக வருபவர்களிடம் மைக்கை முழுங்காதீர்கள், எல்லாரும் ஒரே தூரத்தில் உட்காருங்கள் என்று கத்துவோம்.

மாமா இன்னொன்றும் சொன்னார். அந்த ஃபிளாஷின் முகத்தில் மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு கண் இருக்கிறது. ஆட்டோவில் வைத்தால், எதிரே பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை அந்தக் கண் பார்த்து, போதும் என்று தோன்றியதும் ஃபிளாஷை நிறுத்திவிடும். "முன்னால வெள்ளை வேட்டி உக்காந்திருந்தா அதுக்கு அதுவே போதும். பின்னால யாரு நிக்கிறாங்கன்னு அது பாக்காது." வேட்டி கட்டி முன்னால் உட்காருபவர்கள் யார், பின்னால் நிற்பவர்கள் யார் என்று உங்களுக்கே தெரியும். சமையல் வேலையை முடித்துவிட்டு ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஓடி வருபவர்களுக்குக் கடைசி இடம்தான் மிச்சமிருக்கும்.

நிறமும் ஒரு காரணம். கோடாக் நிறுவனம் வண்ணப் படங்களைச் சரிபார்ப்பதற்காகப் பல ஆண்டுகள் ஆய்வகங்களுக்கு அனுப்பிவந்த மாதிரிப் படத்தில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். அதற்கு ஷெர்லி அட்டை என்றே பெயர். அந்த முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி. பழுப்பு நிறங்கள் சரியாகத் தெரியவில்லை என்று சாக்லேட் விற்பவர்களும் மரச்சாமான் விற்பவர்களும் புகார் செய்த பிறகே ஃபிலிமைத் திருத்தினார்கள் என்று அங்கே வேலை செய்தவர்கள் பின்னாளில் ஆய்வாளர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் பாட்டி சாக்லேட்டாகப் பிறந்திருக்கலாம்.

போன கதை போகட்டும். எனக்கு இப்போது கவலை அத்தையைப் பற்றி. அப்பாவின் அக்காள். எழுபது தாண்டியாகிவிட்டது. பாட்டியோடு அதே கொட்டகையில் நின்றவர். பாட்டியின் நிறம், பாட்டியின் மூக்குத்தி. கைப்பேசியை எடுத்தாலே, "நான் படத்துல விழமாட்டேன் புள்ளை, நீங்க எடுங்க" என்று பின்னால் நழுவிவிடுவார். எங்கள் வீட்டில் கைப்பேசிப் படங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அத்தை பெரும்பாலும் அரை முகமாகவோ, வெறும் தோளாகவோதான் அவற்றில் இருக்கிறார்.

மாமாவின் பெட்டியை வைத்தே அத்தையை எடுப்பது என்று முடிவு செய்தேன். வீம்பு என்றும் சொல்லலாம். எந்த ஃபிளாஷ் பாட்டியை விட்டுவிட்டதோ, அதே ஃபிளாஷ்.

முதல் ஃபிலிம் சுருள் முழுவதும் வீண். 36 படத்தில் ஒன்பது படங்களில் ஒரு பாதி கறுப்பு. எஃப்எம்2வின் முதல் மாடலில் ஷட்டர் வேகம் 200க்கு மேல் போனால் ஃபிளாஷ் சரிப்பட்டு வராது. அதற்குமேல் ஷட்டரின் திரைகள் முழுக்கத் திறந்திருக்கும் நேரமே இல்லை. நான் 500இல் வைத்திருந்தேன். மற்ற படங்களில் எல்லார் முகமும் பச்சை. நேராக அடித்தால் அத்தையின் நெற்றி மட்டும் எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கும், மற்றதெல்லாம் இருண்டுவிடும் என்று, ஃபிளாஷின் தலையை மேலே திருப்பிக் கூரைப் பலகையில் பட்டு வரும்படி எடுத்திருந்தேன். அத்தையின் தாமான் வீட்டுக் கூடத்துக்கு இளம் பச்சைச் சாயம். கூரையின் பச்சையையும் சேர்த்து வாங்கிக்கொண்டுதான் வெளிச்சம் கீழே வந்திருக்கிறது. ஒரு சுருள் ஐம்பது வெள்ளிக்கு மேல். கழுவும் செலவு தனி. வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

மாமாவிடம் போனேன். சிரித்துவிட்டு, "நம்ம வீடுங்களுக்கு வேட்டிதான்மா சரி" என்றார். வெள்ளை வேட்டியை மேலே இழுத்துக் கட்டி அதில் ஃபிளாஷ் அடிக்க வேண்டும். வேட்டி முழுவதுமே விளக்காகிவிடும். உயரத்திலிருந்து வருவதால் முன் வரிசைக்கும் பின் வரிசைக்கும் தூரம் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். கணக்கையும் தாளில் எழுதிக் கொடுத்தார். 283இன் வழிகாட்டி எண் ஐஎஸ்ஓ 100க்கு 36. ஐஎஸ்ஓ 200க்கு ஏறக்குறைய 50. அதை வெளிச்சம் நடக்கும் மொத்தத் தூரத்தால் வகுத்தால் அபர்ச்சர் கிடைக்கும். ஃபிளாஷிலிருந்து வேட்டிக்கு ஒரு மீட்டர், வேட்டியிலிருந்து ஆட்களுக்கு மூன்று, மொத்தம் நான்கு. 50ஐ நான்கால் வகுத்தால் பன்னிரண்டரை. வேட்டி குடித்துவிடும் வெளிச்சத்துக்காக மூன்று படி திறந்தால் எஃப்/4 பக்கம் வரும். "சந்தேகமா இருந்தா இன்னும் ஒரு படி தெறந்து வை. நெகட்டிவ்ல வெளிச்சம் கூடினா சமாளிச்சுக்கலாம். குறைஞ்சா அங்க ஒண்ணுமே இருக்காது, வெறும் கண்ணாடி." பாட்டி நின்ற இடத்தில் இருந்தது அந்தக் கண்ணாடிதான்.

கிளம்பும்போது, அத்தையை இந்தத் தடவை முன்னால் உட்கார வைக்கப்போகிறேன் என்றேன். மாமா வேண்டாம் என்றார். "அவங்க எங்க நிக்கிறாங்களோ அங்க வெளிச்சம் போவணும்மா. இழுத்துட்டு வந்து உக்கார வெச்சா அது வேற முகம்."

தீபாவளி அன்று காலை எனக்கு நேரலை. முடித்துவிட்டுப் பாகான் டத்தோ போய்ச் சேர இருட்டிவிட்டது. கூடத்தில் பதினான்கு பேர். தாத்தாவின் எட்டு முழ வேட்டியைச் சன்னல் கம்பியிலிருந்து அலமாரி மேல்வரை இழுத்துக் கட்டினோம். கயிறு கேட்டபோதே, "என்ன, வீட்டுக்குள்ள பந்தலா?" என்று சித்தப்பா ஆரம்பித்துவிட்டார். தம்பி நாற்காலியில் ஏறி, வயரோடு ஃபிளாஷை வேட்டிக்கு நேராகப் பிடித்துக்கொண்டான். சார்ஜ் ஏறும்போது வரும் அந்த மெல்லிய கீச்சொலி எனக்குப் பிடிக்கும். நேரலைக்கு முந்தைய ஐந்து வினாடி மாதிரி. சாமி விளக்கின் மஞ்சளும் படத்தில் விழட்டும் என்று ஷட்டரை 30இல் வைத்தேன்.

அத்தை அடுப்படியிலிருந்து வந்தார். கையை முந்தானையில் துடைத்தார். யாரும் சொல்லாமலே பின் வரிசையில், அப்பாவின் தோளுக்கும் சுவருக்கும் நடுவே போய் நின்றுகொண்டார். நான் எதுவும் சொல்லவில்லை. தூரத்தை மட்டும் அவர் முகத்துக்கு வைத்தேன்.

மூன்று படம் எடுத்தேன். இரண்டாவதில் சித்தப்பா எதையோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

(வீட்டில் இப்படிப் பழைய ஃபிளாஷ் கிடைத்தால் ஒரு விஷயம். 283இல் பழைய தயாரிப்புகள் சில, கேமராவுக்குள் 200 வோல்ட்டுக்கு மேல் அனுப்பும். எஃப்எம்2 தாங்கும்; உங்கள் புதிய டிஜிட்டல் கேமரா தாங்காமல் போகலாம். அளந்து பார்க்காமல் மாட்ட வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்தும் பார்க்க வேண்டாம், பேட்டரியை எடுத்த பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும்.)

கோலாலம்பூரில் கழுவக் கொடுத்து, படம் வர இரண்டு வாரம். இரண்டாவது படம்தான். முன் வரிசையில் வேட்டிகளின் மடிப்பு தெரிகிறது. பின்னால் அத்தை. கன்னத்தில் வெளிச்சம் வழுக்கி இறங்குகிறது. நிறம் அவருடைய நிறமாகவே இருக்கிறது. தோள் குலுங்கியதால் இடது பக்கம் கொஞ்சம் அசைந்திருக்கிறது.

முதலில் மாமாவிடம் காட்டினேன். கண்ணருகே வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "வேட்டியை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டியிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "நான்தானா இது? அம்மா மாதிரில்ல இருக்கு" என்றார். கொஞ்ச நேரம் கழித்துப் படத்தை என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"இதை மட்டும் பெரிசாப் போட்டு வை புள்ளை. நாளைக்கு ஐ.சி.யைத் தேடிக்கிட்டு ஓடாதீங்க. சரி, நீ பசியாறினியா?"