கேட்கலாம், சொல்லலாகாது

செவியாற் பெறும் செல்வத்துக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். அதே நூலில் இன்னோரிடத்தில், அரசன் பிறரோடு மறைவாகப் பேசும்பொழுது செவிசாய்த்தல் தகாதென்றும், அவனே வெளியிட்டாற் கேட்டுக்கொள்ளலாமென்றும் அறிவுறுத்தினார். கேள்வி நன்று, ஒட்டுக்கேட்டல் தீது. இவ்விரண்டுக்கும் இடையே வரம்பு எங்கே கிடக்கின்றதென ஆராயும் அவசியம் எமக்கு நெடுங்காலம் நேர்ந்ததில்லை. சென்ற பனிக்காலத்திலே கனடாவில் எம் மருமகன் அதனை உண்டாக்கிவிட்டான்.

ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியாகிய ஸ்காபரோவில் வாழும் எம் தமக்கையார் வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தோம். அவருடைய இளைய மகனுக்கு வயது 16. அயலார் வாசல்களிற் பனி வழித்துக் கொடுத்துச் சேர்த்த பணம் அவனிடம் இருந்தது. அதைக்கொண்டு கையடக்கமான 'ஸ்கானர்' ஒன்று, அதாவது அலைவரிசைகளைத் துழாவிக் கேட்கும் வானொலி ஒன்று, வாங்கவேண்டுமென்பது அவன் ஆசை. தாயார் மறுத்தார். வழக்கு எம்மிடம் வந்தது.

"மாமா, நீங்கள் சொன்னால் அம்மா கேட்பா" என்றான் அவன்.

"தம்பி, நீ அவன்ரை பக்கம் கதையாதை" என்றார் அக்கா.

தீர்ப்புக் கூறுமுன் பொருளை அறிதல் முறையன்றோ? மருமகனையும் அழைத்துக்கொண்டு கடைக்குச் சென்றோம்.

அவன் விரும்பியது யூனிடன் நிறுவனத்தின் பி.சி. 125 ஏ.ரி. என்னும் கருவி. புதிதாகத் தொடங்குவோர்க்கு ஏற்ற எளிய வகை. இரண்டு சிறிய பற்றரியில் இயங்கும். 500 அலைவரிசைகளை நினைவில் வைத்து, அவற்றைப் பத்துத் தொகுதிகளாகப் பிரித்துக்கொள்ளும். ஒன்றன்பின் ஒன்றாக அவற்றை விரைந்து தட்டிப்பார்த்து, எங்கே குரல் எழுகின்றதோ அங்கே நிற்கும். பேச்சு முடிந்ததும் மறுபடி ஓடும். குரலில்லாத வேளையில் எழும் இரைச்சலை அடக்குவதற்கும் ஒரு வசதி உண்டு. இரவிலே தெருவின் ஒவ்வொரு கதவடியிலும் கணப்பொழுது நின்று, விழித்திருப்பார் யாரெனப் பார்த்துச் செல்லும் காவற்காரனை இஃது எமக்கு நினைவூட்டியது.

முதலிற் குறைகளைக் கூறுவோம். வழமையான வானொலி நிலையங்கள் எவையும் இதிற் கேளா. பாட்டும் இல்லை, செய்தியும் இல்லை. 2013 ஆம் ஆண்டு மார்கழியில் உறைமழைப் புயலினால் ரொறன்ரோவின் பெரும்பகுதி மின்சாரமின்றி இருண்டபோது அக்காவின் வீட்டாருக்கு உதவியது சாதாரண பற்றரி வானொலியே. அத்தகைய நாளுக்கென இதனை வாங்குவோர் ஏமாறுவர். மேலும், பெருநகரங்கள் பலவற்றின் பொலிசார் இலக்கமுறைக்கு மாறி, பேச்சைப் பிறர் அறியாவண்ணம் மறைகுறியாக்கிவிட்டனர். இலக்கமுறைப் பேச்சு இவ்வெளிய கருவிக்கு எட்டாது. அதற்கெனச் செய்யப்பட்ட கருவிக்கோ மூன்று நான்கு மடங்கு விலை. அதனாலும் மறைகுறியை உடைக்க முடியாது. துப்பறியும் கதையின் சுவையை நாடி இதனை வாங்குவோர்க்கு வெறும் மௌனமே மிஞ்சும்.

கணினியோடு இணைக்கும் சிறு துண்டுக் கருவிகள் இதனினும் மலிவாகக் கிடைக்கின்றன. அவை அலைகளைக் கண்ணுக்கே காட்டும். ஆயினும் கணினியை விட்டு நகரா. "கைத்தொலைபேசியிலை இன்ரநெற்றாலை கேட்கலாம்தானே?" என்று அக்கா பின்னர் வினவியதும் நியாயமே. அங்கே நாம் கேட்பது வேறொருவர் கூரையில் நிறுவிய அன்ரெனா பெற்றதை. அதுவும் சற்றுத் தாமதித்து.

இனி நிறைகள். விமானிகள் பேசுவது 118 முதல் 137 மெகாஹேர்ட்ஸ் வரை. அங்கே இன்றும் பழைய வீச்சுப் பண்பேற்ற முறையே வழங்குகின்றது. அதற்கொரு காரணமும் உண்டு. அதிர்வெண் பண்பேற்ற முறையில் வலிய குரல் மெலிய குரலை விழுங்கிவிடும். வீச்சுப் பண்பேற்றத்தில் இருவர் ஒரே வேளையிற் பேசினால் சீழ்க்கை போன்றதோர் ஓசை எழும்; இன்னொருவரும் அழைக்கின்றார் என்பதைக் கட்டுப்பாட்டாளர் அறிந்துகொள்வார். உயிர்கள் தொங்கும் இடத்தில் மெலியவன் குரலும் தெரிய வேண்டுமென்பதே பயன். இதனைப் பௌதிக மாணவன் பாடப்புத்தகத்தில் வாசிப்பதற்கும் காதாற் கேட்பதற்கும் எவ்வளவு வேறுபாடு!

ஒன்ராறியோ ஏரியிற் செல்லும் கப்பல்கள் ஆபத்தில் அழைக்கும் பதினாறாம் தடம் 156.8 மெகாஹேர்ட்ஸில் உள்ளது. 160, 161 அளவில் புகையிரத ஓட்டுநர்கள் பேசுவர். சர்வதேச விண்வெளி நிலையம் தலைக்கு மேலாகச் செல்லும் பத்து நிமிடத்துக்குள், அதிலுள்ளோர் பாடசாலை மாணவருடன் 145.8 இல் உரையாடினால், வீட்டு முற்றத்தில் நின்றே கேட்கலாம். ஏறக்குறைய இருநூறு டொலருக்கு இவ்வளவும் சிறு பொருளல்ல. விலை குறைந்த கருவி என்பதாலே அலைவரிசைகளைத் தானே தேடி அட்டவணைப்படுத்தவும் வேண்டும். அவ்வுழைப்பு மாணவனுக்கு நட்டமன்று.

இவற்றையெல்லாம் அன்றிரவு அக்காவிடம் ஒப்புவித்தோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "தம்பி, உனக்கு அந்தச் சைக்கிள் ஞாபகமில்லையோ?" என்றார்.

எவ்வாறு மறப்போம்? 1990 ஆம் ஆண்டின் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளை நிறுத்தி, மிதிகட்டையைச் சுழற்றி, டைனமோவில் எழும் மின்சாரத்தால் வானொலியை இயக்கினோம். இரவில் பீ.பீ.ஸீ. தமிழோசை கேட்க ஐயா வானொலியருகே குனிந்திருப்பார். சுற்றுவது அக்காவின் வேலை. ஒருநாள் செய்தியிலே எம் சிறிய தாயார் குடியிருந்த ஊரின் பெயர் வந்தது. அக்காவின் கை நின்றது. கை நிற்கவே குரலும் நின்றது. "சுத்து பிள்ளை, நிப்பாட்டாதை!" என்று ஐயா கத்தினார். அவர் மறுபடி சுற்றியபொழுது செய்தியாளர் வேறு நாட்டுக்குச் சென்றுவிட்டார். சிறிய தாயார் உயிரோடிருக்கின்றார் என்று அறிய எமக்குப் பதினொரு நாள் சென்றது. அந்நாட்களிலே பாதிச் செய்தி வாய்க்கு வாய் வளர்ந்து, அயல் முழுவதும் செத்தவீடு போலாயிற்று.

"உந்தப் பெட்டியும் பாதிக் கதைதானே சொல்லும்? பாதியைக் கேட்டுட்டு இவன் மீதியை என்னெண்டு நிரப்புவான்?" என்றார் அக்கா.

எம் அட்டவணையில் இல்லாத குறை அதுவே. அதுவே முதன்மையான குறையும் ஆகும். இக்கருவியிற் கேட்பது துண்டுப் பேச்சு. முன்னும் பின்னும் தெரியா. அதனைக் கைத்தொலைபேசி வழியே ஊரெங்கும் பரப்புவதற்கு இக்காலத்தில் ஒரு நொடி போதும்.

அப்பொழுது மருமகன் ஒன்றைக் கூறினான். கனடாவின் வானொலித் தொடர்புச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவை அவன் வாசித்திருந்தான். ஒலிபரப்பல்லாத வானொலிப் பேச்சைக் கேட்டு, பேசியவரின் அனுமதியின்றி அதைத் தனக்குப் பயன்படுத்துவதையும் பிறருக்கு வெளியிடுவதையும் அது தடுக்கின்றதாம். "கேட்கலாம் அம்மா, சொல்லத்தான் ஏலாது" என்றான். இது நாட்டுக்கு நாடு வேறுபடும். பிரித்தானியச் சட்டம் கேட்பதிலேயே கடுமையானது. நம் நாட்டு மாணவர் எவரேனும் இத்தகைய கருவியை வாங்க எண்ணின், முதலில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் வினவுதல் வேண்டும்.

நாம் தீர்ப்புக் கூறவில்லை; அக்காவே கூறினார். கேட்டதைக் கொப்பியில் நாளும் நேரமுமாகக் குறிக்கலாம். வீட்டுக்கு வெளியே ஒரு சொல்லும் போகலாகாது. மருமகன் உடன்பட்டான். மறுநாள் கருவி வந்தது.

இரண்டு வாரத்தின் பின் நாம் விமானம் ஏறினோம். ஸ்காபரோவிலிருந்து விமான நிலையம் தொலைவு. இவ்வலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிற் செல்வதால், தரையிலிருந்து பேசும் கட்டுப்பாட்டாளரின் குரல் அந்த வீட்டுக்கு எட்டுவதில்லை. மேலெழுந்த விமானியின் குரலோ தெளிவாக விழும். அவன் தன் விமானத்தின் பெயரையும் எண்ணையும் ஒவ்வொரு முறையும் சொல்லுவான்.

வீடு வந்து சேர்ந்ததும் மருமகன் தொலைபேசியில் அழைத்தான். அன்றிரவு அம்மா நித்திரைக்குச் செல்லாமல் அவனருகே யன்னலோரம் இருந்தாராம். எம் விமானத்தின் எண் ஒலித்தபொழுது அவன் கையைப் பற்றிக்கொண்டாராம். குரல் மெலிந்து மறையும் வரைக்கும் விடவில்லையாம்.

"விமானி என்னடா சொன்னவர்?" என்று ஆவலுடன் கேட்டோம்.

"அது சொல்லக்கூடாது மாமா" என்றான் அவன்.