அப்பா கை கழுவிய காரணம்

என் அப்பா சொல்தா. சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்து ஆயுதக்கிடங்கில் வேலை பார்த்தவர். சாப்பிடும் முன் மூன்று முறை சோப்புப் போட்டுக் கை கழுவுவார். பிள்ளைகள் நாங்கள் சிரிப்போம்.

ஒருநாள் காரணம் சொன்னார். அங்கே ஒரு கேப்டன், காசு மிச்சம் பிடிக்க, தன் சொந்த பிஸ்டலில் வார்த்த ஈயக்குண்டு போட்டுக் குறி பழகுவாராம். "ரிவால்வர் அதைத் தாங்கும்டா. பிஸ்டல் அடுத்த தோட்டாவைத் தானே உள்ளே தள்ளும். மெத்தென்ற ஈய மூக்கு வழியில் சிக்கிக்கும். குழலுக்குள்ளே ஈயமும் படியும். செம்பு உறை போட்ட குண்டுக்கு அந்தத் தொல்லை இல்லை."

படிந்ததைச் சுரண்டியவர் அப்பா, வெறுங்கையால். கையில் ஒட்டிய ஈயம் சோற்றோடு உள்ளே போய் உடம்பிலேயே தங்கிவிடும் என்று பட்டாளத்து டாக்டர் எச்சரித்தாராம்.

புதுச்சேரிக்குத் திரும்பி முப்பது வருடம் கழித்தும் கழுவிக்கொண்டேதான் இருந்தார். நாங்கள் சிரித்தது இன்றும் உறுத்துகிறது.