நெல்லியாளத்தில் ஒரு கேள்வி

சென்ற வருஷம் பெரிய வெள்ளிக்கிழமையன்று நாம் நெல்லியாளத்தில் இருந்தோம். நீலகிரி என்றால் உதகை ஏரியில் படகு விடுவதுதான் என்று எண்ணும் நேயர்கள் இந்த ஊரின் பெயரைக் கேட்டிருக்க மாட்டார்கள். கூடலூரில் பஸ் ஏறித் தேவாலா வழியாகப் பந்தலூர்ப் பக்கம் போகவேண்டும். பார்த்த இடமெல்லாம் தேயிலை. அதன் நடுவே வசிப்பவர்களில் அநேகர் இலங்கையிலிருந்து திரும்பியவர்கள். 1964-இல் சாஸ்திரியாரும் ஸ்ரீமாவோ அம்மையாரும் செய்துகொண்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவின் பங்கு என்று எழுதி வைத்தது. மந்தையைப் பிரிப்பதுபோல் மனிதரைப் பிரித்த அந்தக் கணக்கைப் பற்றி வேறொரு சமயம் எழுதுவோம்.

நம்மை அழைத்துச் சென்ற சிநேகிதர் ஓய்வு பெற்ற உபாத்தியாயர், கத்தோலிக்கர். நாமோ சித்திரகுப்தன் ஏட்டை நம்பி வளர்ந்தவர்கள். ஆயினும் மாதா கோயிலின் கடைசி வரிசையில் அமர்ந்து பிரசங்கம் கேட்டோம். சாமியார் இளவயதினர். நரகத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது; முழுவதும் இரக்கந்தான்.

"எங்கள் காலத்தில் இந்தத் தினத்தில் கந்தக வாடையே வீசும்!" என்று சிநேகிதர் நம் காதோடு சொன்னார். அவருடைய சிறு பிராயத்தில் பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்கால் நடுங்கப் போவார்களாம். 1973-இல் ரோமாபுரி அந்தச் சடங்கின் முறையைத் திருத்தியது. இப்போது அதற்கு ஒப்புரவு என்று பெயர். 2015 டிசம்பரில் போப் பிரான்சிஸ் இரக்கத்துக்கென்றே ஓர் ஆண்டைத் தொடங்கி வைத்தார்.

ஜனங்கள் சிலுவையை முத்தமிட்டு வெளியே வந்தார்கள். படியருகே ஒரு கிழவி சாமியாரை நிறுத்தினாள். 1977 ஆகஸ்டுக் கலவரத்தில் இலங்கைத் தோட்டத்தில் அவள் இருந்த லயத்துக்குத் தீ வைத்தார்கள். புருஷன் அதிலே போனான்.

"சாமி, அந்த லயத்துக்குத் தீ வெச்சவன் சாகிறப்போ ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டான்னா, மோட்சத்துல என் வூட்டுக்காரர் பக்கத்துல வந்து உக்காந்துக்குவானா?"

சாமியார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, 2007-இல் போப் பெனடிக்ட் எழுதிய நிருபம் ஒன்றைப் பற்றிச் சொன்னார். கொடுமை செய்தவன் ஒன்றுமே நடவாததுபோல் தன்னால் வதைபட்டவனுக்குப் பக்கத்தில் விருந்துக்கு உட்கார்ந்துவிட முடியாது என்பது அதிலுள்ள கருத்து. "முதலில் அவன் உன் புருஷன் முகத்தைப் பார்க்கவேண்டும் பாட்டி. அதுதான் நடுத்தீர்வை" என்றார். கிழவி தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

அன்றிரவு நமக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. 1893-இல் பிரிட்டோரியாவில் ஒரு கிறிஸ்தவ நண்பர், மனிதனால் பாவம் செய்யாமல் இருக்க இயலாது, பாரத்தை இயேசுவின்மேல் போட்டுவிட்டால் போதும் என்றார். தாம் வேண்டுவது பாவத்தின் பலனிலிருந்து தப்புவதல்ல, பாவத்திலிருந்தே விடுபடுவது என்று காந்தியடிகள் பதில் சொன்னார். எல்லாக் கிறிஸ்தவர்களும் அந்த நண்பரைப்போல் நினைப்பதில்லை என்பதையும் அவரே எழுதியிருக்கிறார்.

ஒரிஸ்ஸாவின் கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மையாரும் நினைவுக்கு வந்தார். 1999 ஜனவரியில் மனோகர்பூரில், ஜீப்பில் உறங்கிய அவர் கணவரையும் பத்து வயதும் ஆறு வயதுமான இரு புதல்வரையும் ஒரு கும்பல் உயிரோடு கொளுத்தியது. கணவர் பாரிபதாவில் குஷ்டரோகிகளுக்குப் பல்லாண்டு தொண்டு செய்தவர். அம்மையார் கொன்றவர்களை மன்னித்ததாகச் சொன்னார்; சொன்னதோடு நில்லாமல் அந்த நோயாளிகளுக்கு மத்தியிலேயே மேலும் சில ஆண்டு இருந்தார். ஆனால் நியாயஸ்தலம் தன் வேலையைச் செய்வதை அவர் தடுக்கவில்லை. முக்கியக் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனையை 2011-இல் சுப்ரீம் கோர்ட்டு உறுதி செய்தது. இரக்கமும் தீர்ப்பும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளாமல் ஒரு வீட்டில் வசிக்கக் கூடும் என்பதற்கு இதைவிட நமக்குச் சாட்சி தெரியாது. பாகப்பிரிவினை வழக்கில் தம்பியோடு பேச்சை நிறுத்தி ஏழு வருஷமான நாம் இதைச் சொல்ல யோக்கியதை உண்டா என்பது வேறு விஷயம்.

மறுநாள் காலை பஸ்ஸுக்கு நின்றபோது அந்தக் கிழவியும் பையோடு நின்றிருந்தாள். சாமியார் சொன்ன பதில் திருப்திதானா என்று கேட்டோம்.

"நல்லாத்தாங்க சொன்னாரு. ராத்திரி மன்னிச்சுப்புடலாம்னுதான் முட்டி போட்டேன். ஆனா அவன் பேரே எனக்குத் தெரியாதுங்களே. 'அந்த ஆளு'ன்னு மட்டும் சொன்னா ஆண்டவருக்குப் புரியுங்களா ஐயா?"

பஸ் வந்துவிட்டது.