குர்லாவின் சேறும் எஃகு வடமும்

ஊருக்குப் புறப்படும் வண்டிக்காகப் பெட்டி படுக்கையுடன் லோகமான்ய திலகர் முனைய நிலையத்தில் காத்திருந்தவர்கள் நம்முள் எத்தனையோ பேர். அந்நிலையம் அமைந்திருக்கும் குர்லாவை நின்று பார்த்தவர்களோ மிகச் சிலர். கோபுரமும் கடற்கரையும் இல்லாத ஊரில் பார்க்க என்ன இருக்கிறது என்று நேயர்கள் கேட்கலாம். சேறு இருக்கிறது, சேற்றில் புதையும் லாரிகள் இருக்கின்றன, அவற்றை மீட்பதற்கு வேண்டிய சாமான்களை விற்கும் வீதியும் இருக்கிறது. அந்தக் கலையில் உயிர் காக்கும் விஷயங்கள் சில உண்டு. லாரித் தொழிலில் உள்ள நம் குடும்பங்கள் மட்டுமல்ல, வீதியில் நின்று வேடிக்கை பார்க்கும் நம் பிள்ளைகளும் அவற்றை அறிந்திருக்க வேண்டும்.

'குர்லி' என்பது மராத்தியில் நண்டு. நண்டுகள் மலிந்த சதுப்பு நிலமாதலால் ஊருக்கு இப்பெயர் வந்தது என்பர். விஹார், பவாய் ஏரிகள் நிரம்பி வழியும் நீரே மித்தி ஆறாகி, ஏறத்தாழ 18 கிலோமீட்டர் ஓடி, குர்லாவையும் நம் தாராவியையும் தொட்டுக்கொண்டு மாஹிம் கடலில் சேர்கிறது. மித்தி என்றால் இனிமை என்று பொருள். இன்று அந்த ஆற்றின் கரையில் மூக்கைப் பிடிக்காமல் நிற்பவர் அப்பெயரை நம்பமாட்டார்.

லாரிக்கும் குர்லாவுக்கும் உள்ள உறவு பழையது. இன்று லால் பகதூர் சாஸ்திரி மார்க்கம் என வழங்குவதே பழைய ஆக்ரா ரோடு. வடநாட்டுக்குச் சரக்கேற்றிச் சென்ற வண்டிகள் குர்லாவின் வழியாகவே சென்றன. வால்சந்த் ஹீராசந்த் 1944-ல் நிறுவிய பிரிமியர் ஆட்டோமொபைல்ஸ் கம்பெனியின் தொழிற்சாலை இங்கேதான் இருந்தது. டாட்ஜ், ஃபார்கோ லாரிகளும், பிற்காலத்தில் பம்பாய் டாக்ஸிகளாக ஓடிய பத்மினி கார்களும் அங்கே உருவாயின. 'ஃபார்கோ லாரி' என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். அவற்றுள் பல குர்லாவிலிருந்து வந்தவை. தொழிற்சாலை மறைந்துவிட்டது.

மறையாமல் இருப்பது ஸி.எஸ்.டி. ரோடு. விக்டோரியா டெர்மினஸ் ரயில் நிலையத்தின் புதுப்பெயரோடு இதைக் குழப்பிக்கொள்ளலாகாது. குர்லாவிலிருந்து காலினாவை நோக்கிச் செல்லும் இந்த வீதியின் இரு மருங்கிலும் பழைய மோட்டார் உறுப்புகள் மலை மலையாகக் குவிந்து கிடக்கின்றன. சென்னையில் காயலான் கடை என்போமே, அதுதான் இங்கே 'பங்கார்'. கதவுகள், கியர்ப்பெட்டிகள், ஜாக்கிகள், சங்கிலிகள், கப்பிகள், எஃகு வடங்கள் என்று எதைக் கேட்டாலும் எங்கிருந்தோ இழுத்துத் தருவார்கள்.

அங்கே நம்மவர் ஒருவரின் கடையில், வடத்தையும் வண்டியையும் இணைக்கும் ஷாக்கிள் என்னும் இரும்பு வளையம் ஒன்றை எடுத்து, "என்ன விலை, அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"விலையை அப்புறம் கேளுங்க தம்பி. முதல்ல அதுல எழுத்து இருக்கான்னு பாருங்க" என்றார் அவர்.

அவர் சொன்னது முற்றிலும் சரி. நல்ல ஷாக்கிளின் உடலில் அது தாங்கக்கூடிய பணி எடை பொறிக்கப்பட்டிருக்கும். 19 மில்லிமீட்டர் கனமுள்ள ஷாக்கிள் என்றால் வழக்கமாக 4.75 டன். உடைவதற்கு வேண்டிய எடை அதைப்போல் ஐந்தாறு மடங்கு இருக்கலாம். அந்த இடைவெளி பாதுகாப்புக்காக வைத்தது, நாம் செலவழிப்பதற்கு அன்று. எழுத்தே இல்லாத இரும்பு எவ்வளவு தடிப்பாயினும் நம்புதற்குரியது அன்று.

ஆண்டுதோறும் மழைக்கு முன்பு மித்தி ஆற்றைத் தூர் வாருகிறார்கள். வண்டலை ஏற்றுவதற்காகக் கரையோரம் இறங்கும் கனரக வண்டிகளுக்கு அடியில் இருப்பது உலர்ந்த மேலோடும் அதன் கீழே களியும். பாரம் ஏறியதும் பின்சக்கரம் மெல்ல இறங்கும். டிரைவர் பதறி ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சக்கரம் தனக்குத் தானே குழி தோண்டிக்கொள்ளும். கால் மணி நேரத்தில் வெளிவந்திருக்க வேண்டிய வண்டி அரை நாள் வேலையாகிவிடும்.

புதைந்த வண்டியை இழுக்க எவ்வளவு விசை வேண்டும்? ராணுவ மீட்புப் படையினர் இதற்கு எளிய கணக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். சக்கர அளவு புதைந்தால் வண்டியின் எடையளவு விசை. மட்கார்டு வரை புதைந்தால் இரு மடங்கு. டிரைவர் அறை வரை இறங்கிவிட்டால் மும்மடங்கு. 2 டன் ஜீப் மட்கார்டு வரை இறங்கினால் 4 டன். மேற்சொன்ன ஷாக்கிள் போதும். 16 டன் லாரிக்கோ 32 டன்! அதே ஷாக்கிளை அங்கே மாட்டுவது தற்கொலைக்கு ஒப்பாகும். ஆகவேதான் முதல் கருவி மண்வெட்டி என்கிறேன். சக்கரத்துக்கு முன்னுள்ள சேற்றை வெட்டிச் சரிவாக்கி, பலகையோ கல்லோ இட்டு, சரக்கைக் கூடுமான அளவு இறக்கி, டயரில் காற்றைச் சற்றே குறைத்தால், தேவையான விசை பெரிதும் குறைந்துவிடும். இந்த உழைப்புக்குச் சோம்பி நேரே வடத்தை மாட்டுவோரே மிகுதி.

வடங்களில் இரு சாதி உண்டு. எஃகு வடம் ஏறக்குறைய நீளாது. அதைக்கொண்டு மெல்ல, சீராக இழுக்க வேண்டும். ஓடிவந்து வெடுக்கென்று இழுத்தால் அறும். நைலான் மீட்பு வடமோ 10 மீட்டருக்கு இரண்டு மூன்று மீட்டர் நீளக்கூடியது. முன் வண்டி சற்றே ஓட, வடம் ரப்பர் போல் நீண்டு, சுருங்கும்போது பின் வண்டியைப் பிடுங்கி எடுக்கும். ஒன்றன் வேலையை மற்றொன்றைக்கொண்டு செய்வதால் விளையும் விபத்துகள் பல. நீண்ட நைலானின் நுனியில் கொக்கி கழன்றால் அது பீரங்கிக் குண்டுக்கு நிகர். ஜீப்புகளின் பின்புறத்தில் டிரெய்லர் மாட்டுவதற்கென்று பந்து போன்ற குமிழ் ஒன்று இருக்குமே, அதில் மீட்பு வடத்தை ஒருபோதும் மாட்டலாகாது. அது பிய்ந்து கண்ணாடியைத் துளைத்துப் பாய்ந்ததால் ஆஸ்திரேலியாவில் உயிரிழந்தோர் உண்டு. பம்பரும் ஆகாது. சேசிஸில் அதற்கென்று அமைந்த வளையமே வேண்டும்.

நம் முன்னோர் கிணற்றிலும் தேரிலும் கண்ட கப்பி இங்கேயும் கைகொடுக்கிறது. மாட்ட இடமிருந்தால், வடத்தைக் கப்பி வழியாகத் திருப்பிக் கொணர்ந்து வின்ச்சின் விசையை ஏறத்தாழ இரட்டிக்கலாம், வேகம் பாதியாகும். ஆனால் கப்பியை வெளியே ஒரு மரத்தில் கட்டி வடத்தை வளைத்துக் கொணர்ந்தால், அந்த மரம் தாங்க வேண்டிய இழுவையும் இரட்டிக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மரத்தைச் சுற்றி வெறும் எஃகு வடம் கட்டாமல் அகன்ற பட்டை கட்டினால் மரமும் பிழைக்கும், வடமும் பிழைக்கும். வின்ச் உருளையில் எப்போதும் ஐந்து சுற்றாவது மிச்சம் இருக்க வேண்டும். எஃகு வடத்தைத் தோல் கையுறையின்றித் தொடலாகாது.

இனி வேடிக்கை பார்ப்போருக்கு வருகிறேன். நம் பேட்டைகளில் ஒரு லாரி புதைந்தால் ஐந்து நிமிஷத்தில் ஐம்பது பேர் கூடிவிடுவர். முன்வரிசையில் நிற்பவர்கள் குழந்தைகள். வடத்தின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் எவரும் நிற்றல் கூடாது. வடம் 20 மீட்டர் என்றால் 30 மீட்டருக்கு அப்பால். கப்பி இருந்தால், வடம் வளையும் கோணத்தின் உட்புறம் மிகப் பொல்லாத இடம். விறைத்த வடத்தைத் தாண்டிப் போகும் பையனைத் தாய்மார் காதைப் பிடித்து இழுத்து வரலாம், தவறில்லை. வடத்தின் நடுவே ஒரு கனத்த கம்பளியையோ ஈரச் சாக்கையோ போட்டு வைத்தால், அறுந்தாலும் அதன் வீச்சு ஓரளவு தணியும். சைகை கொடுப்பவர் ஒருவராகவே இருக்கட்டும். நாலு பேர் நாலு பக்கமிருந்து "விடு", "நிறுத்து" என்று கத்துவதே நம் வழக்கம். டிரைவர் எதைக் கேட்பார்?

வெள்ளத்தில் நிற்கும் வண்டியின் கதை வேறு. 2005-ஆம் ஆண்டு ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. மித்தி கரை புரண்டது. குர்லாவும் காலினாவும் நீரில் மூழ்கின. வண்டிக்குள் இருந்தால் பத்திரம் என்று எண்ணிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அமர்ந்திருந்தவர்களுள், கதவு திறவாமல் உள்ளேயே மாண்டவர்களும் உண்டு. ஓடும் நீர் இரண்டடி ஆழம் இருந்தாலே பெரும்பாலான கார்களைத் தள்ளிக்கொண்டு போய்விடும். நீர் கதவடியைத் தொடும்போதே கண்ணாடியை இறக்கி, குழந்தைகளை முதலில் வெளியேற்றி, மேட்டுக்குப் போய்விட வேண்டும். வடமும் ஷாக்கிளும் நீர் வடிந்த பிறகுதான். அப்போதும் நீர் புகுந்த எஞ்சினை ஓடுகிறதா என்று முடுக்கிப் பார்க்கலாகாது. சிலிண்டருக்குள் நிற்கும் நீர் அமுங்காது. கனெக்டிங் ராடுதான் வளையும். அப்படியே மெல்ல இழுத்துச் சென்று மெக்கானிக்கிடம் ஒப்படைத்தால், எண்ணெயை மாற்றி, நீரை வடித்து, பெரும்பாலும் ஓட வைத்துவிடுவார்.